மடிக்காமல் விட்ட கமிட்

அலுவலகத்தில் அவளை இஸ்திரி என்பார்கள். உடைக்காக வைத்த பெயரல்ல. உடை பெரும்பாலும் கசங்கித்தான் இருக்கும்.

கணினி நிரல் எழுதுகிறவர்கள் தாங்கள் செய்த மாற்றத்தை ஒரு குறிப்போடு சேமிப்பதுதான் கமிட். மற்றவர்கள் "திருத்தம்", "மறுபடியும் திருத்தம்", "இதுதான் கடைசி" என்று வால் வாலாகச் சேர்த்துக்கொண்டே போவார்கள். அவள் விடமாட்டாள். பின்னால் கண்ட பிழையை, அது நுழைந்த பழைய கமிட்டுக்குள்ளேயே மடித்துவிடுவாள். படிக்கிறவருக்கு முதலிலேயே சரியாக எழுதியது போல இருக்கும். யாரும் சொல்லித் தரவில்லை. கெடுத்துக் கெடுத்துப் பழகியது.

அன்று மதியமும் தேடல் பக்கத்து வேலையை அப்படி மடித்து, சர்வரில் இருந்த பழையதை நீக்கிப் புதியதை ஏற்றினாள். சற்று நேரத்தில் பக்கத்து மேசை மாப்பிள்ளை தலையில் கை வைத்துவிட்டான். அவனுக்குக் கல்யாணமாகி வருஷக்கணக்காகிவிட்டது, பெயர்தான் போகவில்லை. மாலை ரயிலுக்கு மனைவி ஸ்டேஷனில் காத்திருப்பாள். அதற்குள் அவன் வேலையை ஒப்படைத்தாக வேண்டும்.

"அக்கா, உங்க கமிட்டெல்லாம் எனக்கு ரெண்டு ரெண்டா வருது. தொட்ட இடமெல்லாம் முட்டிக்குது."

"என் பழைய கமிட்டு மேலயா உன் வேலையைக் கட்டியிருந்தே?"

"நேத்தே உங்களோடதை எடுத்துட்டேன். சொல்லலையா?"

"நீ சொல்லலை. நானும் கேக்கலை." அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தன்னிடம் இருக்கும்வரைதான் மடிக்கலாம். இன்னொருவன் எடுத்த பிறகு மடித்தால் அவனிடம் பழையதும் புதியதும் சேர்ந்து மோதும்; அவன் காலடித் தரையை உருவுவது போல. இது தெரிந்தும் கோட்டைவிட்டாள்.

"இன்னைக்கு ரயிலை விட்டா வீட்டுல என்னை உள்ளயே விடமாட்டா."

"புலம்பாம நகரு. உன்னோடது எதுலேர்ந்து ஆரம்பிக்குது?"

அவன் காட்டினான். அங்கிருந்து அவனுடைய கமிட்டுகளை மட்டும் பெயர்த்து, தன் புதிய வரிசையின் தலையில் வைத்தாள். ஒரே ஒரு இடம் இடித்தது. தேடல் பெட்டி காலியாக இருந்தால் பக்கம் செயலிழந்துவிடும்; அந்தப் பிழையை இருவருமே திருத்தியிருந்தார்கள். இரண்டையும் நிதானமாகப் படித்தாள். அவனுடையது நறுக்கென்று இருந்தது; தன்னுடையதை விட்டு அதையே வைத்துக்கொண்டாள்.

"உங்க கமிட்டுக்குள்ளயே மடிச்சிடுங்கக்கா. சீக்கிரம் முடியும்."

"வேணாம். இது நீ நல்லா பண்ணினது. உன் பேர்லயே தனியா நிக்கட்டும்."

சோதனைகள் ஒவ்வொன்றாகத் தேறிப் பச்சையாயின. அவன் வேலையை ஒப்படைத்துவிட்டு, மேசைக்கு அடியில் ஷூவைத் துழாவியபடியே போனில் மனைவியிடம், "லிஃப்ட்ல இருக்கேன்மா" என்றான்.

"ஷூவே இன்னும் கிடைக்கலை" என்றாள் இஸ்திரி, போனுக்கும் கேட்கிற மாதிரி.