அக்கா வீட்டுக் கிணற்றுக்கு என்ன நிறம்?

டீ கொடுக்காத வீட்டுக் கிணற்றுக்கு வரைபடத்தில் 'குடிக்க ஆகாது' என்ற சிவப்புப் புள்ளி விழும் என்று, ஊர் ஊராகக் கிணற்று நீரைச் சோதிக்கும் புள்ளிக்காரரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. சரிபார்க்க ஒரு நாள் காலையில் அவர் கூடவே போனேன்.

முதலில் அவருடைய அக்கா வீடு. டீ இரண்டு தடவை வந்தது. தண்ணீரும் பாட்டிலில் தயாராக இருந்தது. சோதித்தவர் நோட்டைப் புரட்டினார்.

"அக்கா, இது எதிர்வீட்டுத் தண்ணி. நேத்து அங்க சோதிச்சப்ப வந்த அதே உர அளவு."

"இருந்தா என்னடா? சிவப்பு வச்சா என் மாடிக்கு யாரு குடிவருவா? கூடப் பொறந்தவளுக்கு ஒரு பச்சை வச்சா உன் மை தீந்துடுமா?"

"உன் மருமக மாசமா இருக்கா. பொறக்கப்போற பிள்ளைக்கு இந்தக் கிணத்துத் தண்ணியிலதான் பால் கரைப்பே."

புள்ளிக்காரர் தன் கயிற்று வாளியைக் கிணற்றில் இறக்கித் தானே மொண்டு பார்த்தார். வயல் உரம் அளவுக்கு மேல் கரைந்திருந்தது. சிவப்புதான்.

டீ குடித்துவிட்டும் சிவப்பு வைப்பவர் என்று ஊருக்குச் சொல்லலாம். சொன்னால் மனிதருக்கு இனி டீயும் கிடைக்காது.

இப்போது அக்கா தினமும் எதிர்வீட்டில் கேட்டு இரண்டு குடம் எடுத்துவருகிறார். கேட்காமல் எடுத்த அந்த முதல் பாட்டிலைப் பற்றி மட்டும் எதிர்வீட்டுக்காரியிடம் இன்னும் வாய் திறக்கவில்லை.