மீரான் பாய் வாயை மூடிய நாள்

உறையூர்ச் சுருட்டுப் பட்டறையில் மீரான் பாயின் கை புகையிலையைச் சுற்றும். வாய் ஊரைச் சுற்றும். சாயங்காலம் தெருமுனை திரும்பும்போதே குரல் வீட்டுக்கு வந்துவிடும், ஆள் பின்னால்தான் வருவார். ராத்திரி தூங்கும்வரை ஓயாது. “செத்த நேரம் வாயை மூடுங்களேன்” என்று மனைவி ஹாஜிரா கெஞ்சாத நாளே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷரின் வாயை ஒரு கதை அடைத்தது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அடைத்ததே!

வேலை நடக்கும்போது பேப்பரும் கதையும் வாசித்துக் காட்டுவது விக்டரின் வேலை. அவர் பங்குச் சுருட்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் ஒருநாள் அவர் ஏதோ சீமைக் கதையைக் கொண்டுவந்தார். ஒருவன் காலையில் எழுந்து வருகிறான். பெண்டாட்டியும் பிள்ளைகளும் அவன் எதிரிலேயே, “அவர் எங்கே?” என்று ஒருவரையொருவர் கேட்கிறார்கள். இவன் கத்துகிறான், யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அவனே குடையை எடுத்துக்கொண்டு தன்னைத் தேடப் புறப்படுகிறான். முற்றும்.

இப்படி வாலும் தலையும் இல்லாமல் வாசித்தால் உன் பங்கை நீயே சுற்றிக்கொள் என்று கூடச் சுருட்டுச் சுற்றும் அழகர்சாமி விக்டரிடம் சொல்லிவிட்டார். பட்டறையே சிரித்தது. மீரான் பாய் மட்டும் சிரிக்கவில்லை. நம்மைக் காணோமென்றால் நம் வீட்டில் தேடுவார்களா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று அன்றைக்குச் சத்தம் போடாமல் வீட்டுக்குள் நுழைந்து, விளக்கேற்றாத அறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மகள் கமர் ஜஹான் துவைத்த துணியோடு அவர் காலை உரசாத குறையாகக் கடந்து போனாள். பார்க்கவில்லை. அந்தக் கதையேதான்!

அடுப்படியிலிருந்து ஹாஜிரா எட்டிப் பார்த்தாள். பிறகு வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தனியாகத் தெருப்பக்கம் தலைகாட்டாதவள், எதிர்வீட்டு ஜெகபர் அலியைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, இவரு சத்தத்தையே காணோம். பட்டறை வரைக்கும் போயிப் பாத்துட்டு வாங்கண்ணே.”

பாய்க்கு வெட்கமாகவும் இருந்தது, சொல்ல முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

“இங்கதான்மா இருக்கேன்” என்றார்.

ஹாஜிரா திரும்பினாள். துப்பட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருட்டுல குந்திக்கிட்டு என்னங்க விளையாட்டு? ஒரு வார்த்தை பேசினா என்ன?” என்று பொரிந்து தள்ளினாள்.

மறுநாள் பட்டறையில் பாய் தீர்ப்புச் சொன்னார்: அந்தச் சீமைக்காரன் அதுக்கு முன்னாடி வீட்டில் வாயே திறந்திருக்க மாட்டான், பிறகு அவன் குரல் வீட்டில் யாருக்கு அடையாளம் தெரியும்? சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தவர் சாயங்காலம்வரை நிறுத்தவில்லை. விக்டர் பாவம், ஒரு வரிகூட வாசிக்கவில்லை. ஆனாலும் அவர் பங்கைப் பாயே சுற்றிக் கொடுத்துவிட்டார்.

வீட்டிலும் அதே கச்சேரிதான். ஹாஜிரா தலையில் அடித்துக்கொள்வாள், காதைப் பொத்திக்கொள்வாள். வாயை மூடச் சொல்லி மட்டும் அதற்கப்புறம் அவள் கேட்டதே இல்லை.