நிர்வாகம் தொடர்பு கொள்ளும்

என் கோபத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எப்போதும் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும். மறைத்துப் பயனில்லை, பின்னால் எப்படியும் தெரியத்தான் போகிறது.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் கணினிகளையும் அவற்றைக் கோத்திருக்கும் கம்பிகளையும் பார்த்துக்கொள்வது என் வேலை. அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, பீன்யாவில் இறங்குவேன். வீடு மர்பி டவுனில். மனைவி, மகள், நான் என்று மூன்றே பேர். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. பாடத்தில் பாதி டேப்லெட்டில்தான் வந்துகொண்டிருந்தது.

பள்ளியில் ஒரு பெற்றோர் கூட்டம். பேச வந்த அம்மையார், "உங்கள் வீட்டு இணையத்துக்குப் பூட்டுப் போட்டவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஒரு தொழிற்சாலைக்கே பூட்டுப் போட்டவன் நான். என் கை மடியிலேயே கிடந்தது. மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே அடுத்த சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் போய் ஒரு சின்ன ஃபயர்வால் ரவுட்டர் வாங்கிவந்தேன்.

டிபன் டப்பா அளவுதான் இருக்கும். வெளியிலிருந்து வரும் இணையக் கம்பி முதலில் அதற்குள் போகும், அதிலிருந்துதான் வீட்டு வைஃபைக்கு வரும். ஆகவே யார் எந்தத் தளத்தைத் திறந்தாலும் இந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போகவேண்டும். உலகத்தில் உள்ள தளங்களை எல்லாம் அது இனம் பிரித்து வைத்திருக்கும்: சூதாட்டம், வன்முறை, நிர்வாணம், கடைகள், விளையாட்டு. எதை விடுவது, எதை அடைப்பது என்று நாம் டிக் அடித்தால் போதும்.

அந்த டிக்கை அடிக்கத்தான் எனக்குச் சோம்பல். தொழிற்சாலையிலும் இதே மாதிரிப் பெட்டிதான். அங்கே வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த அமைப்பை அப்படியே ஒரு பென்டிரைவில் எடுத்துவந்து வீட்டுப் பெட்டியில் ஏற்றினேன். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஓடுகிற ஒன்றிலிருந்து காப்பி எடுத்தால் புதிதாக யோசிக்க வேண்டாம். மகளின் டேப்லெட்டில் செய்யவேண்டியதையும் செய்து முடித்தேன். பத்து நிமிடத்தில் விளக்கு பச்சையானது. மீதி நாளைத் தூங்கிக் கழித்தேன்.

அந்தக் காப்பியோடு இன்னொன்றும் வீட்டுக்குள் வந்துவிட்டது. அடைத்த தளத்தை யாராவது திறந்தால் திரையில் ஒரு அறிவிப்பு வரும். தொழிற்சாலையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்காக நான் தயார் செய்தது. கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் இருக்கும். தமிழ் என் சொந்தச் சரக்கு: "இத்தளத்துக்கு அனுமதி இல்லை. உங்கள் முயற்சி பதிவு செய்யப்பட்டுள்ளது. நிர்வாகம் தொடர்பு கொள்ளும்." இதைப் போட்ட வாரமே கிரிக்கெட் நின்றுபோனது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வீட்டில் முதலில் மாட்டியது மனைவி. ஏதோ புடவைத் தள்ளுபடி பார்க்கப் போயிருக்கிறாள். தொழிற்சாலையில் கடைத் தளங்கள் எல்லாம் அடைப்பு.

"ஏங்க, நிர்வாகம் தொடர்பு கொள்ளும்னு வருது. நம்ம வூட்ல நிர்வாகம்னா யாரு, நீங்களா நானா?"

"நீதான்."

"அப்ப நானே என்னைத் தொடர்பு கொள்ளணுமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். கடைகளைத் திறந்துவிட்டேன். அறிவிப்பை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். தொழிற்சாலையில் ஆடிட் வேலை. யார் எதைத் திறக்கப் பார்த்தார்கள் என்று பெட்டி எழுதிவைக்கும் பதிவையும் இரண்டு வாரம் நான் எட்டிப் பார்க்கவில்லை. மகள் அந்த நாட்களில் அமைதியாக இருந்தாள். நல்ல வெயிலிலும் தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். பெட்டி வேலை செய்கிறது என்று நான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தபோது, சும்மா பதிவைத் திறந்தேன். மகளின் டேப்லெட். ஒரே சாயங்காலத்தில், ஒரே தளத்தை, பதினோரு தடவை முயன்றிருக்கிறாள். இனம்: நிர்வாணம்.

பெட்டி சரியாகத்தான் இனம் பிரித்ததா என்று தொழிற்சாலையில் நூறு தடவை சந்தேகப்பட்டிருக்கிறேன். அன்று ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அவளைக் கூப்பிட்டுக் கத்த ஆரம்பித்தேன்.

"இன்னா இது? பதினோரு வாட்டி. படிக்கறேன்னு சொல்லிக்கினு இதத்தான் பாத்துக்கினு இருந்தியா?"

அவள் அழவில்லை. தேதியைப் பார்த்துவிட்டு, "இப்பதான் பாத்தியாப்பா?" என்று கேட்டாள்.

திமிர் என்று நினைத்து இன்னும் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

மனைவி மசாலாக் கையோடு வந்தாள். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சும்மாவா சொன்னாங்க. மொதல்ல அது இன்னா தளம்னு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பெயரைப் பார்த்தேனே தவிர உள்ளே போய்ப் பார்க்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள், வைஃபையை அணைத்தாள், மொபைல் டேட்டாவில் அந்தப் பெயரைத் தட்டினாள். நான் கட்டிய கோட்டைக்குப் பின்வாசல் அவள் கையிலேயே இருந்திருக்கிறது.

ஒரு மருத்துவமனையின் தளம். முழுக்க முழுக்க முதுகுகளின் படம். தோளிலிருந்து இடுப்புவரை, நடுவில் எலும்பு போகும் வழியைச் சிவப்பில் கோடு போட்டிருந்தார்கள். கோடு நேராக இல்லை, பாம்புபோல் வளைந்திருந்தது. வெறும் முதுகைப் பார்த்த பெட்டிக்கு அது நிர்வாணம். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

மனைவி மெதுவாகச் சொன்னாள்: "டைலர் சொன்னாரு."

யூனிஃபார்ம் தைக்க அளவெடுத்த அன்று, தெருமுனை டைலர் பாய் டேப்பை வைத்துக்கொண்டு, "சீதா நில்லு பாப்பா, நேரா நில்லு" என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அவள் நேராகத்தான் நின்றிருக்கிறாள். "ஒரு தோள் எறக்கமா கீதும்மா" என்றாராம் மனைவியிடம். புத்தகப் பையை ஒரே பக்கம் மாட்டுவதால் இருக்கும் என்று மனைவி விட்டுவிட்டாள். மகள் விடவில்லை. அன்று சாயங்காலமே தேடியிருக்கிறாள்.

மனைவி அவள் ஸ்வெட்டரைக் கழற்றித் திருப்பி நிறுத்தி, முன்னால் குனியச் சொன்னாள். பழைய டி-ஷர்ட்டுக்கு மேலேயே தெரிந்தது. வலது பக்கம் விலா மேடாக எழும்பியிருந்தது, இடது பக்கம் தட்டையாக இருந்தது. தினமும் பார்க்கிற பிள்ளை. பதினோரு முயற்சியை எண்ணத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை.

"ஏம்மா எங்ககிட்ட சொல்லல?"

"நிர்வாகம் தொடர்பு கொள்ளும்னு போட்டிருந்துச்சே. மொத நாளு பயமா இருந்துச்சு. அப்புறம், நீ வந்து கேட்டா எல்லாத்தையும் சொல்லிரலாம்னு இருந்தேன். தெனமும் இன்னைக்குக் கேப்ப, இன்னைக்குக் கேப்பன்னு பாத்துக்கினே இருந்தேன். நீ கேக்கவே இல்ல."

நான் சட்டென்று மன்னிப்புக் கேட்கிறவன் இல்லை. அன்று கேட்டேன். வார்த்தை சரியாக வரவில்லை, ஆனால் கேட்டேன். அவள் கையிலிருந்த ஸ்வெட்டர் நுனியைத் திருகிக்கொண்டு, "செரி பிடுப்பா, விடு" என்றாள். பிறகுதான் அழுதாள்.

டாக்டர் கன்னடக்காரம்மா. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து அளந்து, வளைவு இருபத்தெட்டு டிகிரி என்றார். வளர்கிற வயதில் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும், பையால் வந்ததில்லை, யார் மேலும் தப்பில்லை, உயரம் வளர்ந்து முடியும்வரை முதுகை இறுக்கிப் பிடிக்கும் பிரேஸ் போட்டுக்கொண்டால் இதற்குமேல் கூடாமல் நிறுத்த நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். "நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "டைலர் மாமா" என்றாள் மகள். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

இரண்டு வாரம் போய்விட்டதே என்று கேட்டேன். இரண்டு வாரத்தில் முதுகுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்றார். முதுகுக்கு ஆகவில்லைதான். அந்த இரண்டு வாரமும் அவள் தனியாகப் பயந்துகொண்டிருந்ததற்கு எக்ஸ்ரே கிடையாது.

அடுத்த ஞாயிறு பெட்டியை மறுபடி திறந்தேன். இந்தத் தடவை காப்பி இல்லை. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு இனமாகக் காட்டினேன். சூதாட்டம் வேண்டாம் என்று அவளே சொன்னாள். தலை வெட்டுகிற வீடியோ எல்லாம் வேண்டவே வேண்டாம் என்றாள். மருத்துவத் தளங்களைப் பெயர் பெயராகத் திறந்துவிட்டோம். யார் எதைத் தேடினார்கள் என்று எழுதிவைக்கும் பதிவை அவள் டேப்லெட்டுக்கு நிறுத்தினேன். அதை நிறுத்தும்போது என் விரல் கொஞ்சம் தயங்கியது, பொய் சொல்வானேன்.

கடைசியில் அந்த அறிவிப்பு. "இதை நான் எழுதறேன்" என்றாள். நான் எழுந்து இடம் கொடுத்தேன்.

"திட்டமாட்டேன்னு போடட்டுமா?"

உள்ளேயிருந்து மனைவி, "அது வேணாம். பொய்யி" என்றாள்.

கடைசியில் மகள் எழுதியது இதுதான்: "இது அடைச்சிருக்கு. வேணும்னா அப்பாக்குப் போன் பண்ணு. திட்டுவாரு. திட்டி முடிச்சிட்டுக் கேப்பாரு."

பிரேஸ் வந்தது. முதல் மாதம் வீட்டில் ஒரே பேஜார். சூடு, அரிப்பு, பெஞ்சில் உட்காரக் கஷ்டம், பள்ளியில் கேள்விகள். ஸ்வெட்டர் மட்டும் கழலவே இல்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில் வளைவு ஒரு டிகிரிகூட ஏறவில்லை. அன்று ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று பேரும் மசாலா தோசை சாப்பிட்டோம், அவள் என் தட்டிலிருந்தும் பாதியை எடுத்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம், பீன்யாவில் சர்வர் ரூமில் இருந்தேன். போன் அடித்தது.

"ஹலோ, நிர்வாகமா?"

"இன்னாம்மா?"

"ஒண்ணு அடைச்சிருக்கு. ஸ்விம்மிங் டிரெஸ் கட."

அந்த இனத்தை நாங்கள் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அதை விட்டுவிட்டு, வழக்கம்போல் எனக்கு முதலில் வாய்தான் திறந்தது. திங்கட்கிழமை பரீட்சை, படிக்க லீவு விட்டால் புத்தகத்தைத் தொட்டாளா, வேலை நேரத்தில் போன் பண்ணிக் கேட்கிற விஷயமா இது என்று ஒரு மூச்சு கத்தினேன். வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"முடிச்சிட்டியா?" என்றாள்.

"ம்."

"ஸ்விம்மிங் முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல? அந்த ஒரு மணி நேரம் பிரேஸக் கழட்டி வெச்சிரலாமாம். எங்க கிளாஸ்ல ரெண்டு பொண்ணுங்க அல்சூர்ல சேந்திருக்காங்க. நானும் போகட்டுமா?"

நீச்சல் குளத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள முடியாது. அது அவளுக்கும் தெரியும். சர்வர் ரூமில் மெஷின் சத்தம் அதிகம். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, எத்தனை மணிக்கு வகுப்பு, எந்தக் கிழமை, யார் கூட்டிக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.