பாசிக்குப் போட்ட தகரம்

நாங்கள் குடியிருக்கும் தேயிலை எஸ்டேட் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, பின்னால் ஒரு பாறை. அதில் ஒரு பாசி. பார்த்தால் பழைய கம்பளித் துண்டு போலத்தான் இருக்கும். ஆராய்ச்சிக்கு வந்த ஓர் அம்மா அதைப் பார்த்து, இது எங்குமே கிடைக்காத அபூர்வம் என்றார். அவ்வளவுதான். மறுவாரமே கம்பிவேலி, அறிவிப்புப் பலகை, மேலே புதுத் தகரக் கூரை. மழை அடித்துக்கொண்டு போய்விடுமாம். கூரை எங்கள் ஆபீசருடைய யோசனை. அவருக்கு எல்லா நோய்க்கும் தகரம்தான் மருந்து. எங்கள் லயத்துக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளாது.

எங்கள் வீட்டிலும் ஒன்று வளர்ந்தது. கூரை ஒழுகி ஒழுகி உத்தரமெல்லாம் மரக்காளான், காது காதாக. விரலை வைத்தால் மரம் உள்ளே போகும். அதற்கு நேர் கீழேதான் நடமாட முடியாத என் மாமியாரின் கட்டில். அந்த ஒற்றை அறையில் வேறு இடமில்லை. என் வீட்டுக்காரர் ஆபீசர் முன்னால் போய் நின்றார்.

"சாரே, உத்தரம் இத்துப்போச்சு. எங்கம்மா மேல விழுந்துரும்."

"காளானா? அது எல்லா லயத்துலயும் உள்ளதுதானே."

அபூர்வமாகப் பிறந்திருக்க வேண்டும். காளானும் நாங்களும் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறோம், எங்களுக்கெல்லாம் எதற்குக் கூரை?

தகரத்துக்கு அடியில் பாசி காய்ந்து கருகியது. அந்த அம்மா வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். ஓயாத ஈரம் இல்லாவிட்டால் அது செத்துப்போகுமாம். நனைய வேண்டியதற்குக் கூரை போட்டுவிட்டு, எங்களை நனையவிட்டிருந்தார்கள். தகரத்தைக் கழற்றியதும், அதையாவது தாருங்கள் என்று கேட்டோம். அதற்குள் அது ஆபீசர் ஜீப்புக்குக் கூரையாகிவிட்டது.

மாமியார் காளானைப் பார்த்தபடியே கிடப்பார். "ஏட்டி, அது முந்துமா, நான் முந்துவனா?" என்பார். கடைசியில் நாங்கள் பெண்களெல்லாம் கொழுந்து பறிக்கப் போகாமல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தோம். மறுநாள் ஆசாரியோடு வருவதாக ஆபீசர் சொன்னார். கூடவே அந்த அம்மாவும் வருவாராம். பாசி வேறெங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேட.

மறுநாள் காலை மாமியார் சுவரைக் காட்டினார். ஒழுகும் இடத்துக்குக் கீழே பச்சையாக, கம்பளி போல ஒரு கை அகலம்.

"பாறையில இருந்ததுல்லா இது?"

அபூர்வமோ, சாதாரணமோ, எனக்குத் தெரியாது. பார்த்தார்களென்றால் கட்டிலைச் சுற்றி வேலி வரும், ஒழுகலை அடைக்கவே கூடாது என்று பலகையும் வரும். தேங்காய் நாரை எடுத்து, பாத்திரம் விளக்குவது போல அழுத்தித் தேய்த்தேன்.

ஆபீசர் வந்ததும் வாசலிலேயே கேட்டார், உள்ளே பாசி ஏதும் உண்டா என்று.

"காளான் மட்டுந்தான் சாரே," என்றேன்.