அத்தை போட்ட கட்டம்

எங்கள் வீட்டில் கட்டம் என்றால் ஜாதகக் கட்டம்தான். நைனாவின் தங்கை, அதாவது என் அத்தை, கம்ப்யூட்டரில் கட்டம் போடுகிறாள் என்றதும், கல்யாண யோகத்தைத்தான் பார்க்கிறாள் என்று நைனா நிம்மதி அடைந்தார்.

அது வேறு கட்டம். நூம்பலில் எங்கள் வயல்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருந்த காலம். எம்.எஸ்சி. கணக்கு முடித்திருந்த அத்தை, திரை முழுக்கச் சதுரங்களை நிரப்பி, எல்லாவற்றுக்கும் ஒரே விதியைக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு சதுரமும் அக்கம்பக்கத்தைப் பார்த்து, அடுத்து ஒளிர்வதா அணைவதா என்று முடிவு செய்யும். ஒளிர்பவை சேர்ந்து ஓர் உருவமாக நிற்கும். அதை எங்கே உடைத்தாலும், யாரும் தொடாமல் தானாகவே பழையபடி கூடிவிட வேண்டும். அப்படி ஒரு விதியைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

உடைப்பது என் வேலை.

"நான் ஒடச்சா எனக்குத் தோதான எடத்துலதான் ஒடைப்பேன். நீ கண்ண மூடிக்கினு ஒடை," என்பாள்.

பள்ளி விட்டு வந்ததும் மவுஸைப் பிடித்துக் கண்ணை மூடி அழுத்துவேன். உருவம் எறும்புக் கூட்டம்போலச் சிதறும். இல்லையென்றால் மொத்தமாக அணைந்துபோகும். அத்தை விதியை மாற்றுவாள். ஒரு மாலை, சரியாக நடுவில் ஓட்டை போட்டுவிட்டேன். ஓட்டை கொஞ்சம் பரவியது, நின்றது, பிறகு ஓரங்களிலிருந்து மெல்ல மூடிக்கொண்டது. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றியதில் சுவர் காலண்டர் கீழே விழுந்தது.

பெங்களூரில் ஒரு பேராசிரியருக்கு எழுதினாள். வந்து சேர், இங்கேயே ஆராய்ச்சி செய்யலாம் என்று பதில் வந்தது.

நைனா பொல்லாதவர் இல்லை. ஷேர் வேன் ஓட்டி, அந்தக் கம்ப்யூட்டரை வாங்கித் தந்ததே அவர்தான்.

"குரு பார்வை வந்துகீதும்மா. இந்த வருசத்த வுட்டா எப்போ? கட்டிக்கினு அப்பறம் எங்க வேணா போ," என்றார்.

"கொஞ்ச வருசந்தாண்ணா."

"ஊர்ல இன்னா பேசுவாங்க?"

 அடுத்த தையில் அத்தை ஆவடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். கேஸ் அடுப்பும் குழந்தைகளும் வந்தன. பெங்களூரை அவள் இன்றுவரை பார்த்ததில்லை.

அன்று நைனா சொன்னதைக் கதவோரம் நின்று கேட்ட எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் பெங்களூருக்குப் போய்விடுவாளோ என்று அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன்.

"அத்தே, நீ எங்கியும் போவலியாம்!" என்று கத்திக்கொண்டே ஓடி அவள் மடியில் விழுந்தேன்.

அவள் என்னை இறுக்கி அணைத்துக்கொண்டாள். அவள் உடம்பு குலுங்கியது. அவளும் சிரிக்கிறாள் என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாகச் சிரித்தேன்.