பள்ளத்தின் மேல் ரம்பம்

மரம் அறுக்க இரண்டு பேர் வேண்டும். மரத்தைப் பள்ளத்தின் மேல் கிடத்தி, ஒருவன் மேலே, ஒருவன் பள்ளத்தில். நான் மேலே நின்று கோடு பார்ப்பேன். தம்பி பள்ளத்துக்குள் நின்று நீளமான அறுப்பு வாளைக் கீழே இழுப்பான். விழுகிற தூள் எல்லாம் அவன் தலையில்தான். உலகச் சண்டை முடிந்த வருஷம் ஒரு நாள், பாதி அறுப்பில் வாளை விட்டுவிட்டு மேலே ஏறி வந்தான்.

"ஒன் தூளத் தின்னுக்கிட்டு எத்தன நாளுண்ணே கெடக்க? நான் மதுரை மில்லுக்குப் போறேன்."

"போ. பஞ்சுத் தூசி ருசியா இருக்கும்."

போய்விட்டான். மேலே நிற்பவன் கண்ணை எடுத்தால் கோடு கோணும், மரம் பாழ். மேலே தூள் விழாதது என் குற்றமா?

கூலிக்கு வந்தவர்கள் இழுக்கத் தெரியாமல் வாளைப் பிடித்துத் தொங்கினார்கள். திட்டினேன். அப்புறம் ஒருவனும் வரவில்லை. திருச்சுழிப் பக்கம் வண்டிக்கு மரம் கேட்டு வருகிறார்கள், அருப்புக்கோட்டையிலிருந்து தறிக்கட்டைக்குக் கேட்டு வருகிறார்கள். மரம் கொட்டகையில் கிடக்கிறது, அறுக்க ஆள் இல்லை. எவன் தயவும் வேண்டாம், தனியாகவே அறுத்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். பட்டாளத்துப் பழைய சாமான்களை ஏலம் எடுத்த ஒருவரிடம் மதுரையில் ரம்ப மேசை வாங்கினேன். கனத்த இரும்பு மேசை, நடுவில் வட்ட ரம்பம், அதை ஓட்ட ஓர் ஆயில் இஞ்சின். மில்லும் அதே ஊரில்தான். நான் அந்தத் தெருப் பக்கம் போகவில்லை.

லாரிக்காரன் அருப்புக்கோட்டையில் இறக்கிவிட்டான். அங்கிருந்து மாட்டுவண்டி. வண்டிக்காரன் எங்கள் ஊர்ப் பையன், வாய் சும்மா இருக்காது.

"என்ன மாமா, பொண்ணு பாக்கப் போயி ஆனையக் கூட்டியாந்துட்டீக?"

"ஆனை வாய் பேசாதுடா. மாட்டப் பாத்து ஓட்டு."

எங்கே நிறுத்துவது என்பதுதான் பெரிய பாடு. கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மேலாக நிறுத்தினால் ஒரே மழையில் மேசை சாய்ந்துவிடும். அடியில் பாறை மாதிரிக் கெட்டியான சுக்கான் மண் தட்டுகிற வரை தோண்டிக் கல் கட்ட வேண்டும். கொட்டகையில் அவ்வளவு ஆழம் தோண்டிய இடம் ஒன்று தயாராக இருந்தது. தம்பி நின்ற பள்ளம். கருங்கல்லையும் சுண்ணாம்பையும் கொட்டி நிரப்பினேன்.

கல் இறக்கிக்கொண்டிருந்த வண்டிக்காரன் நின்றுவிட்டான். "மாமா, சின்ன மாமா திரும்பி வந்தா எங்கன நிப்பாக?"

"அவன் எங்க வாரான்? கல்லப் போடுலே."

போட்டான்.

கட்டு இறுகிய பிறகு மேசையை அதன்மேல் திருகாணி போட்டு முடுக்கி, பெல்ட் மாட்டி, இஞ்சினை ஓட்டினேன். ஊரே வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்று. மறுநாள் நான் மட்டும். வண்டிக்கு நுகம் கட்டும் ஏர்க்கால் வேண்டும் என்று நீள மரம் ஒன்றை ஏற்றித் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி அறுத்தது. வாள் பிடித்த கைக்கு நம்பவே முடியவில்லை. மரம் பாதிக்கு மேல் போனதும் அந்தப் பக்கம் தாங்க ஆளில்லாமல் முனை தொங்கியது. அறுத்த வாய் மூடி ரம்பத்தைக் கவ்வியது. மரம் திரும்பிப் பாய்ந்து என் தொடையில் அடித்தது. கீழே விழுந்து தம்பி பேரைச் சொல்லிக் கத்தினேன். இஞ்சின் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தவழ்ந்து போய் நானே அதை நிறுத்தினேன்.

மேசையை விற்றவர் இதைச் சொல்லவில்லை. இந்த ரம்பத்துக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவன் தள்ள, ஒருவன் வாங்க.

கால் வீக்கம் வடிந்ததும் மேசை உயரத்துக்கு ஒரு மரத்தாங்கி செய்து, உருளை பொருத்தி, மறுபக்கம் நிறுத்தினேன். மதுரைக்குச் சொல்லி அனுப்பவில்லை. அதே மரத்தை மறுபடி ஏற்றினேன். பாதி வரை தள்ளினேன். பிறகு நொண்டிக்கொண்டே மேசையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் நின்று மீதியை இழுத்தேன். தூள் முகத்தில் அடித்தது.