என்னைத் தாண்டி ஓடும் நாய்

எங்கள் நாய் வீட்டுக்குள் அசிங்கம் செய்யாது. குட்டியிலேயே பழகிவிட்டது. அவசரம் என்றால் கதவைப் பிராண்டும். திறந்துவிட்டால் பின்பக்கத்து முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டு வரும். கொட்டுகிற மழையிலும் அங்கேதான். பழக்கியவள் நான். என் ஷூ கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் சாக்கடை ஓரமாகக் கிடந்ததைத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தவளும் நான்தான். "இருக்கறதே ஒரு ரூம்பு, இதுல நாய் வேறயா?" என்று அன்றைக்குச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் என் வீட்டுக்காரர். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். என் வயிறு ஏன் எரிந்தது என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவர், பொங்கல் கழிந்ததும் அதை விட்டுவிட்டுப் பதனிடாத தோல் வந்து இறங்கும் பச்சைத்தோல் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் நாய் மாறியது. அதுவரை நான் ஷூ கம்பெனியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் மேல் விழுந்து புரளும். இப்போது நான் வந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அவர் பைக் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் போதும், வாசலில் நிற்கும் என்னைத் தாண்டி ஓடும். அவர் உட்கார்ந்ததும் கால் விரல், குதிகால், பேண்ட்டின் அடிமடிப்பு என்று விடாமல் நக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பார், பெரிய ஜமீன்தார் மாதிரி.

"பாத்தியா? யாரு மேல பாசம்னு அதுக்குத் தெரியுது."

"சோறு போடறது நானு."

"சோறு போட்டா பாசம் வந்துருமா? அப்டி பாத்தா எனக்கு உன் மேல எவ்ளோ வரணும்!"

ஒருவேளை தோல் வாசனைக்காக இருக்குமோ என்றும் யோசித்தேன். ஆனால் நானும் நாள் முழுக்க ஷூவின் மேல்தோலைத்தான் தைக்கிறேன். என் கையிலும் தோல் வாசனைதான். மூக்குக்கு நேராக நீட்டிப் பார்த்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. அப்படியென்றால் அது வாசனை இல்லை, ஆசைதான் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் காலையில் எழுந்தால் தரை ஈரமாக இருக்கத் தொடங்கியது. அடுப்படி ஓரத்தில், அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். முதல் நாள் தண்ணீர்க் குடம் ஒழுகுகிறது என்று நினைத்து மிதித்துவிட்டேன். மறுபடியும், மறுபடியும் அப்படியே. நாய் என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்திருக்கும். திட்ட மனசு வரவில்லை. பினாயில் போட்டுத் துடைப்பேன். அவர் தூங்கிக்கொண்டிருப்பார்.

"நக்கறது உங்க காலை. தொடைக்கறது நானு," என்று ஒரு நாள் வெடித்தேன். "நீங்க குடுக்கற செல்லத்துலதான் அது பழக்கம் கெட்டுப்போச்சு."

"எல்லாத்துக்கும் நான்தான் கெடச்சனா? வயசாவுது அதுக்கு. கிட்னி கிட்னின்னு இன்னாவோ வரும் இல்ல?"

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள் நான். எந்த வியாதியின் பேரைக் கேட்டாலும் பாதி புரியும், மீதிக்குப் பயம்தான் இருக்கும். போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க நாய்க்கு எல்லா வியாதியும் இருந்தது.

மாடியில் இருக்கும் வீட்டு ஓனரம்மா ஒரு நாள் பாதிப் படியில் நின்றுகொண்டே முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

"இன்னாம்மா, வூடா இது? கப்பு மேல வரைக்கும் அடிக்குது. ரொம்ப பேஜாரா கீது. வெளிய கட்டு, இல்லன்னா எங்கயாவது உட்டுடு. நான் ரெண்டு தடவ சொல்ல மாட்டேன்."

வெளியே கட்ட முடியாது. எங்கள் தெருவில் சுற்றும் நாய்க்கூட்டம் ஒரே ராத்திரியில் பிய்த்துப் போட்டுவிடும். என் வீட்டுக்காரரின் தாய்மாமனுக்குத் திமிரியில் நிலம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் அங்கே கொல்லையில் கட்டிவிடலாம் என்றார் அவர். சொல்லும்போது அவர் கை நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது, நாயும் அந்தக் கைக்குள் முகத்தைச் செருகியது. அனுப்பச் சொல்பவர் மடியில் கிடக்கிறது, வேண்டாம் என்று பதறுகிறவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதை என்னவென்று சொல்வது.

நான் லீவு போட்டுவிட்டு நாயை மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. தரையை நனைக்கிறது என்று நான் பாடத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும்மா. தண்ணி எவ்ளோ குடிக்குது?"

"ஜாஸ்திதான் மேடம். சாயங்காலம் ஆனா குடிச்சிக்கினே இருக்கும். அதான் அஞ்சு மணிக்கு மேல கிண்ணத்த எடுத்து வச்சிர்றேன்."

"அய்யய்யோ, அப்டி பண்ணவே கூடாது. தாகத்துக்குக் காரணம் இருக்கும், அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

நான் கிண்ணத்தை எடுத்துவைத்தும் பயன் இருந்ததில்லை. பாத்ரூம் பக்கெட்டில் தலையை விட்டுக் குடித்துக்கொண்டுதான் இருந்தது. ரத்தமும் சிறுநீரும் பார்க்கச் சொன்னார். சர்க்கரை இல்லை, கிட்னியும் நன்றாக இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. நிம்மதியில் எனக்கு உட்கார்ந்து அழவேண்டும் போல இருந்தது. "சாப்பாட்டுல உப்பு போடறீங்களா? கருவாடு, ஊறுகாய் சோறு ஏதாவது?" என்று கேட்டார். நாய்க்கென்று உப்பில்லாமல் கோழிக்கழுத்து வேகவைத்துத் தனியாகச் சோறு பிசைகிறவள் நான். இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தேன்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். நாய் என்னைத் தாண்டி ஓடியது. நக்கியது. பேண்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் அதன் கீழே போய் உட்கார்ந்து அடிமடிப்பை வாயில் வைத்துச் சப்பியது. பொறாமையில் அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. பேண்ட்டைப் பிடுங்கிப் பக்கெட்டில் முக்கினேன். தையல் ஊசி குத்தியிருந்த என் விரல் சுரீரென்று எரிந்தது. மடிப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கல் கல்லாக, வெள்ளையாக உப்பு.

மண்டியில் இவர் வேலையே அதுதான். வந்து இறங்கும் ஆட்டுத்தோல் அழுகாமல் இருக்க, ஒவ்வொன்றாக விரித்து உப்பை வாரிப் போட்டு அடுக்குவது. கால் விரலிடுக்கில் உப்பு, ரோமத்தில் உப்பு, பேண்ட்டில் உப்பு. எனக்குக் கம்பெனியில் வருவதோ பதம் போட்டு, சாயம் ஏற்றி, பளபளவென்று முடிந்த தோல். அதில் நாய்க்கு என்ன இருக்கிறது?

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நாய்க்கு வியாதி இல்லை என்று தெரிந்தபோது வந்ததைவிட அது பெரியதாக இருந்தது.

"இன்னாங்க, பாசமாம் பாசம்! உங்க மேல இல்ல, உப்பு மேல. நீங்க ஒரு ஊறுகா, அவ்ளோதான்!"

அவர் பேண்ட்டையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "உனக்கு வயித்தெரிச்சல்டி," என்றார்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "தோல் உப்புல மருந்தும் கலப்பாங்கம்மா, ஒரு நக்கு கூட விடாதீங்க," என்று பதறினார். அதற்குப் பிறகு வேலையிலிருந்து வந்ததும் என் வீட்டுக்காரர் பின்பக்கக் குழாயடியில் காலைக் கழுவிக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும், கழற்றிய துணி, மூடி போட்ட பக்கெட்டுக்குள் போகவேண்டும் என்று சட்டம் போட்டேன். நாய் தண்ணீர் குடிப்பது கம்மியானது. காலையில் நான் வெறுங்காலோடு அடுப்படியில் நடந்து பார்த்தேன். தரை காய்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தது, யாரும் திமிரிக்குப் போகவில்லை. ஓனரம்மா படியில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு ஏறிப்போனார்கள்.

நாய் வீட்டோடு தங்கிவிட்டது. இனி அது என்னிடம் வரவேண்டியதுதான் பாக்கி.

சாயங்காலம் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். பிஸ்கட்டும் வைத்திருந்தேன். அவர் சோப்பு வாசனையோடு வந்து சுவரில் சாய்ந்தார். நாய் போய் அவர் பாதத்தை முகர்ந்தது. ஒரு நக்கு. ஒன்றும் இல்லை என்று அதற்குத் தெரிந்துவிட்டது, நின்றது. என்னைப் பார்த்தது. பிஸ்கட்டை நீட்டினேன். வந்து வாங்கித் தின்றது, என் கையையும் துடைப்பதுபோல் நக்கியது. பிறகு திரும்பிப் போய், அவர் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவர் சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சிரிக்கவில்லை. காலை அசைக்காமல் மெதுவாக என்னைப் பார்த்தார்.

"விரலிடுக்குல தேச்சீங்களா?" என்றேன்.

"தேச்சேன்."

"குதிகால்ல?"

"எல்லாம் தேச்சேன்டி."

"இன்னொரு வாட்டி தேச்சிட்டு வாங்க."

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். நாயும் எழுந்து அவர் பின்னாலேயே போனது.